ஆட்டோமேட்டிக் அண்ணாச்சியின் அணையாத லைட்

காரை நிறுத்திவிட்டு ஒரு டீயை நிம்மதியாகக் குடிக்க முடியாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர் உண்டென்றால், அவர் சங்கரன்கோவில் கார் ஸ்டாண்டு ஆட்டோமேட்டிக் அண்ணாச்சிதான். ஒரு வாய் குடிப்பார், கிளாஸோடு ஓடிப்போய்த் தன் பழைய கறுப்புக் காரின் மூஞ்சியைப் பார்ப்பார், திரும்பி வந்து அடுத்த வாய் குடிப்பார். ஹெட்லைட் அணைத்த பிறகும் எரிகிறதா என்ற கவலை. யாராவது கேலி செய்தால், "சீமையில இப்ப இப்படித்தாம்வே. எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்பார். பெயர் அப்படி ஒட்டியதுதான்.

எழுபதுகளின் கடைசியில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். வாசுதேவநல்லூரிலிருந்து மாப்பிள்ளையை அழைத்துவர அப்பா இந்தக் காரைத்தான் பேசிவைத்தார். முகூர்த்தம் பத்தரைக்குள். மாப்பிள்ளையின் அம்மாவோ டம்ளர் கைதவறி விழுந்தால்கூடச் சகுனம் பார்க்கிறவர். முகூர்த்தம் தப்பி, 'பொண்ணு ராசி சரியில்ல' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தங்கச்சி ஆயுசு முழுக்க அதைச் சுமக்க வேண்டும். மைத்துனன் முறைக்கு மாலையோடு முன்சீட்டில் உட்கார்ந்த நான், வழியெல்லாம் மணியையே பார்த்துக்கொண்டு போனேன்.

இருட்டோடு கிளம்பி, விடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். உபசாரமெல்லாம் முடிந்து மாப்பிள்ளைக்கு மாலை போட்டு வாசலுக்கு அழைத்து வந்தால், காரின் இரண்டு கண்ணையும் சாக்காலும் துண்டாலும் கட்டி வைத்திருக்கிறார் மனுஷன்.

"என்ன அண்ணாச்சி இது?"

"லைட்டு அணைய மாட்டேங்கு தம்பி."

"அதுக்கு?"

"வெளிச்சம் வெளிய போனாத்தானவே பேட்டரி எறங்கும்? அதான் மூடி வச்சிருக்கேன்."

துண்டில் கருகல் வாடை வந்தது. பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே போய் சுவிட்சைப் பிடித்து அமுக்கினேன். அசைய மறுத்தது. நகத்தால் சுரண்டினால் மண் உதிர்ந்தது.

"கோயில் புத்து மண்ணுவே. ஒரு மட்டம் லைட்டு கண்ணைச் சிமிட்டுச்சு. நமக்கு மேலுக்கு முடியலன்னா பூசுதோம்லா? அதான் வெள்ளிக்கு வெள்ளி குழைச்சுப் பூசுதேன்."

"அந்த மண்ணு உள்ள எறங்கி இறுகித்தான் சுவிட்சு மாட்டிக்கிட்டு நிக்கி!"

"சாமி மண்ணு கெடுதல் பண்ணுமாவே? கல்யாண நாளும் அதுவுமா பேசுத பேச்சா இது?"

கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். நான் பானெட்டைத் திறந்து லைட்டுக்குப் போகிற வயர்களைப் பிடுங்கினேன். லைட் அணைந்தது. ஆனால் சாவியைத் திருப்பினால் கார் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. பேட்டரி காலி.

"நல்ல காரா பாத்து அனுப்பியிருக்காவோ" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அண்ணாச்சி முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மா, தப்பு எம்மேல. பொண்ணு தங்கமான பொண்ணு. என்னைய வையுங்க" என்று அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கில் ஏறினார். மாலையோடு மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்க, தெருவே சேர்ந்து தேர் தள்ளுகிற மாதிரி தள்ளியது. "கோமதித் தாயே, இந்த ஒரு மட்டம்!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் தெருமுனையில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

மண்டபம் வந்து சேர்ந்தபோது மணி பத்து. எல்லாரும் இறங்கினோம். அண்ணாச்சி இறங்கவில்லை, இஞ்சினையும் நிறுத்தவில்லை.

"நிப்பாட்டினா திரும்ப எடுக்காதுவே. தாலிய கீலிய மறந்துட்டு வந்திருந்தா ஓடிப்போய் எடுத்துட்டு வரணும்லா?"

தாலி மாப்பிள்ளையின் அம்மா மடியில் பத்திரமாக இருந்தது. சொன்னேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை.

கெட்டிமேளம் ஓய்ந்து அட்சதையெல்லாம் போட்ட பிறகுதான் எனக்கு அவர் நினைப்பு வந்தது. வெளியே ஓடினேன். கார் உறுமிக்கொண்டே நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்த காலை அவர் எடுக்கவே இல்லை.

"கட்டியாச்சா?"

"கட்டியாச்சு அண்ணாச்சி."

சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்து, பெண்ணைப் பெற்றவர் மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

அப்புறம் ஊருக்குள் எத்தனையோ நல்ல கார்கள் வந்தன. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் அப்பா கடைசிவரை அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டார். நாங்கள் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிவிடுவோம், அவ்வளவுதான்.