ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்

மதிப்பும் பாசமும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் வாயைத் தவிர. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேஸ் எதுவும் வராமல் கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக உங்கள் தங்கை சொன்னாள். கவலையை விடுங்கள், ஒரு கேஸ் கொண்டுவந்திருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்பது போகப்போகப் புரியும்.

உங்கள் மருமகளுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஆறு வயதில் விழத்தானே செய்யும்? ஆனால் அவள் வகுப்பில் ஒரு மகான் இருக்கிறார். பல் டாக்டரம்மாவின் பிள்ளை, எல்லோரும் 'குட்டி டாக்டர்' என்று கூப்பிடுகிற பெரிய மனிதர். இவள் எழுந்து நின்று பாட்டுப் பாடும்போது அவர், "பொக்கை வாய்! பொக்கை வாய்!" என்று கத்தியிருக்கிறார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து பிள்ளை வாயைக் கையால் பொத்தியபடியே திரிகிறாள். வாயாடி என்று நாம் செல்லப்பெயர் வைத்த பிள்ளை மச்சான், கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறாள். சாப்பாட்டு டப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வருகிறது. பஸ் நிலையத்தில் நாள் முழுக்க மைக்கைப் பிடித்து ஊருக்கே கேட்கும்படி கத்துகிறவன் நான். என் பிள்ளை வாயைத் திறக்கப் பயந்தால் எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் பொறுமையின் மொத்த வியாபாரி. என்னையும் முழங்கால் உயர நாற்காலி ஒன்றில் உட்காரவைத்தார். அதில் உட்கார்ந்தால் முட்டி மூக்கில் இடிக்கிறது. அந்த நிலைமையில் எவனாலும் கோபப்பட முடியாது. புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருக்கிறார்கள். யாராவது யாரையாவது புண்படும்படி பேசிவிட்டால் இரண்டு பேரும் அங்கே போய் உட்கார வேண்டுமாம். புண்பட்டவர் தனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். பேசினவர் அதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு, "நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்க வேண்டும். இதுதான் தண்டனை! எனக்கே அங்கே போய் நாலு பேரைத் திட்டிவிட்டு வரலாம் என்று ஆசையாகிவிட்டது.

"ஏன் டீச்சர், அவனை மண்டி போடச் சொல்லலையா?" என்றேன்.

"மண்டி போட்டா அவன் முட்டி வலிக்கும் சார். உங்க பொண்ணு வாயில இருக்கிற கை இறங்குமா?"

"சரி, நாற்காலியில உக்காந்து என்ன கிழிச்சாங்க?"

"'எல்லாரும் சிரிச்சப்ப எனக்கு வயித்த வலிச்சுது'ன்னு இவ சொன்னா. அவன் அதைத் திருப்பிச் சொல்றதுக்குள்ள அவனுக்கே அழுகை வந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்னு கேட்டான். யோசிச்சுச் சொல்றேன்னுட்டா. யோசிக்கட்டும் சார், அவசரப்படுத்தாதீங்க."

வாய்தா! உங்கள் கோர்ட்டு நோய் ஒன்றாம் வகுப்பு வரைக்கும் பரவிவிட்டது மச்சான்.

பையனிடம் நியாயம் கிடைக்காது, அவனைப் பெற்றவளிடம் கேட்போம் என்று டாக்டரம்மாவின் கிளினிக்குக்குக் கிளம்பினேன். வாசல் மேசையில் இருந்த பெண், டோக்கன் இல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டேன் என்றாள். சண்டைக்கும் டோக்கன் எடுத்த முதல் ஆள் நான்தான். முறை வந்ததும் ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துப் பொத்தானை அமுக்கினார்கள். கால் மேலே, தலை கீழே. முகமூடியோடு டாக்டரம்மா வந்தார். "உங்க பையன்" என்று தொடங்க வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடி உள்ளே போய்விட்டது. "அய்யய்யோ, இந்தப் பல்லு இவ்வளவு ஆடுதே! எப்படிச் சாப்பிடுறீங்க? எடுத்துடலாமா?" என்றார். நான் "ஆ... ஆ..." என்றேன். அது என் ஆவேசத்தின் ஆரம்பம். அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஊசி, மரமரப்பு, ஒரு இழுப்பு. மேல்வரிசையில், சிரித்தால் தெரிகிற பல், போயே போய்விட்டது. பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டுச் சாவகாசமாகச் சொல்கிறார்: "என் பையன் உங்க பொண்ணைப் பேசினதா டீச்சர் சொன்னாங்க. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. தப்புதான், மன்னிச்சுடுங்க." மன்னிக்க முடியாது என்று சொல்லவாவது வாய் வேண்டாமா?

மறுநாள் நான் மைக்கில் அறிவித்ததைக் கேட்டு, வடக்கே போக வேண்டிய கூட்டம் தெற்கே போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதிகாரி லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதுமுதல் துண்டால் வாயை மூடிக்கொண்டே இருக்கிறேன். பிள்ளையிடம் சளி என்று சொல்லியிருக்கிறேன். அவள் கையால் பொத்திக்கொண்டும் நான் துண்டால் பொத்திக்கொண்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கொள்ளைக்கூட்டத்துக்குச் சோறு போடுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள் உங்கள் தங்கை.

ஆகவே, உடனே ஒரு நோட்டீஸ் எழுதுங்கள். முதல் எதிரி குட்டி டாக்டர், இரண்டாவது பெரிய டாக்டர், மூன்றாவது டீச்சர். அந்த இரண்டு நாற்காலிகளையும் எதிரிகளாகச் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகவும் முடிவு செய்துவிட்டேன். இதில் மாற்றமே கிடையாது. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் கோட்டுக்கு வெற்றி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
வாய் திறக்க முடியாத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தாள். கை வாயில் இல்லை! இன்றைக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டாளாம். பல் முளைக்கும்வரை குட்டி டாக்டர் தினமும் அவள் வாயைப் பார்த்து நிலவரம் சொல்ல வேண்டும். பையன் பார்த்துவிட்டு, "வெள்ளையா ஒரு புள்ளி தெரியுது!" என்று கத்த, வகுப்பே வரிசையில் நின்று பார்த்ததாம். டப்பா காலி. சொல்லிக்கொண்டே என் துண்டை இழுத்தாள். "ஐயோ, அப்பா பொக்கை வாய்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது மச்சான், முகமும் அப்படிப் போயிருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தினாள். சமையலறையிலிருந்து இரண்டு முக்காலிகளை இழுத்துவந்து எதிரெதிரே போட்டாள்.

"நான் சொன்னது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் வலிச்சுதும்மா."

"அப்பாவுக்குக் கொஞ்சம் வலிச்சுது. நான் என்ன பண்ணட்டும்?"

"நீயும் எனக்குத் தினமும் பாத்துச் சொல்லு" என்றேன். நோட்டீஸ் வேண்டாம் மச்சான், பள்ளிக்கூடமும் மாற்றப் போவதில்லை. அவள் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, உள்ளே வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் தோளைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாள்:

"அப்பா, உங்களுக்கு இனிமே முளைக்காது. இருந்தாலும் நான் தினமும் பாக்கறேன்."