கப்பலுக்கு வழி பார்த்தவன்

இந்த ஜென்மத்தில் கப்பல் ஏறுவதில்லை என்று நான் தீர்மானித்தேன். "நாம ரெண்டு பேரும் கப்பல்ல போகப்போறோம்" என்று என் மனைவி சொல்லி வாய் மூடிய அதே நிமிஷத்தில்.

நான் லிஃப்ட் மெக்கானிக். மேலே போவதும் கீழே வருவதும்தான் என் பிழைப்பு. எத்தனை மாடி உயரத்தில் வேண்டுமானாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நின்றபடியே டீகூடக் குடிப்பேன். ஆனால் பக்கவாட்டில் ஆடுகிற எதுவும் எனக்கு ஆகாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை கம்பெனி ஆட்களோடு படகில் ஆற்றைக் கடந்தேன். கடந்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. பாதி ஆற்றிலேயே, காலையில் சாப்பிட்டதை எல்லாம் மேனேஜர் மடியில் ஒப்படைத்துவிட்டேன். இதை என் மனைவியிடம் சொன்னதில்லை. பெண் பார்க்கப் போகும்போது சொல்கிற விஷயமா அது? அதற்கப்புறம் சொல்லச் சந்தர்ப்பமும் வரவில்லை.

அவள் திரைச்சீலை தைப்பவள். வீட்டின் முன்னறைதான் கடை. ஊரில் இருக்கும் நல்ல ஜன்னல்களுக்கெல்லாம் அவள்தான் துணி மாட்டுகிறாள். அவள் மெஷினுக்கு எதிரே இருக்கும் ஜன்னலைத் திறந்தால் மட்டும் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். சுவரில் ஒரு கழிவுநீர்க் குழாய். ஒருநாள் ஒரு வாடிக்கைக்கார அம்மா ஏதோ படத்தைக் கொண்டுவந்து, இந்த நீலத்தில்தான் திரை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வடக்குக் கடல் படம். மலை அளவுக்கு ஒரு பனிப்பாளம் நேராகத் தண்ணீரில் இறங்கி நிற்கிறது. அதன் முன்னால் பொம்மை மாதிரி ஒரு கப்பல். அந்த நீலம் எந்தத் துணிக்கடையிலும் கிடைக்கவில்லை. வாடிக்கைக்கார அம்மா பச்சையோடு சமாதானமாகிவிட்டார். என் மனைவி ஆகவில்லை.

நேராக மறுக்கவும் முடியாது. மகள் கல்யாணம் முடிந்த அன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவிலும், "இனிமே நீ எங்க கேட்டாலும் கூட்டிட்டுப் போறேன்" என்று வாயை விட்டிருந்தேன். அடுத்த தெருப் பூங்காவைத்தான் மனதில் வைத்துச் சொன்னேன். அதை யாரிடம் விளக்குவது?

ஆகவே வேறு தந்திரம் செய்தேன். வடக்கே கப்பல் போவது கோடையில் மட்டும்தான். கோடை முடிந்தால் கடல் கப்பல்காரர்களுக்கே ஆகாது. அதுவரை எந்த வழியாகப் போவது என்பதை மட்டும் முடிவாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மறுக்கவே வேண்டாம். ஆர்வமாக இருந்தே காரியத்தைக் கெடுத்துவிடலாம்.

"போறது பெரிசில்லம்மா. எந்த வழியாப் போறோம்ங்கறதுதான் பெரிசு" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? நீங்களே நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

சோப்பு வாங்கக்கூட என்னைத் தனியாக அனுப்பாதவள் அவள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ, மீன் தானாக வந்து வலையில் விழுந்தது என்று குதூகலித்தேன்.

மறுநாளே டிராவல்ஸ்காரரிடம் போனேன். மெலிந்த மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பெரிதாக இரண்டே வழிதான் சார் என்றார். ஒன்று, புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வருவது. தீவுகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போகும், ஆட்டம் குறைவு. இன்னொன்று, ஒரேயடியாக வடக்கே போய் இறங்கிவிட்டு ரயிலிலும் விமானத்திலும் வீடு வந்து சேருவது. அதில் பெரிய பனிப்பாளங்களைப் பார்க்கலாம். ஆனால் நடுவே கொஞ்சம் திறந்த கடல். நான் இரண்டு வழிகளையும் மிக மரியாதையாக வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டின் காலையும் ஒடித்தேன்.

திரும்பி வருகிற வழியில் போனால் போகும்போது பார்த்த மலையைத்தானே வரும்போதும் பார்க்க வேண்டும், அதற்கு எதற்கு அவ்வளவு தூரம் என்று ஆரம்பித்தேன். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை.

"இந்தச் சுவத்தையே எத்தனை வருஷமாப் பாக்கறேன். மலைய ரெண்டு தடவ பாத்தா அலுத்தா போயிடும்?"

சரி, ஒருவழியாகப் போய்விடலாம் என்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டும், உன் முழங்கால் தாங்காது என்றேன். கோடைத் தொடக்கத்தில் போனால் மலை முழுக்கப் பனி இருக்கும், ஆனால் திமிங்கிலம் வந்திருக்காது. கடைசியில் போனால் திமிங்கிலம் இருக்கும், ஆனால் மழை பிடித்துக்கொள்ளும். நடுவில் போனால் எல்லாம் இருக்கும், ஆனால் ஊர்ச்சனம் அத்தனையும் கப்பலில் இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு குறையோடு வீட்டுக்கு வந்தேன். அவள் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டாள். "அப்படியா? இதையும் விசாரிச்சுட்டு வாங்களேன்" என்பாள். நான் மீண்டும் போவேன்.

டிராவல்ஸ்காரர் முதலில் டீயை நிறுத்தினார். அப்புறம் உட்காரச் சொல்வதை நிறுத்தினார். ஒருநாள் நான் படியேறும்போதே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மும்முரமாகப் பேசினார். போன் தலைகீழாக இருந்தது.

என் தொல்லையை எப்படியாவது ஒழிக்க வேண்டும் என்றோ என்னவோ, அன்றைக்கு அந்தப் போனிலேயே ஒரு வீடியோவைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

கப்பல் அசையாமல் நிற்கிறது. எதிரே அந்த நீலப் பாளம். சத்தமே இல்லை. திடீரென்று ஒரு பக்கம், பத்து மாடி உயரத்துக்கு, மெதுவாகக் கழன்று கடலில் விழுகிறது. விழுந்ததற்கு அப்புறம்தான் சத்தம் வருகிறது. இடி மாதிரி, ஆனால் வானத்திலிருந்து இல்லாமல் தண்ணீருக்குள்ளிருந்து. நானும் ஆயுள் பூராவும் எதுவும் கீழே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறவன். அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு நிம்மதியாக விழுந்து நான் பார்த்ததில்லை. திரும்பப் போட்டேன். அதையும் முடித்துவிட்டு மறுபடி போட்டேன். டிராவல்ஸ்காரர் கடையைச் சாத்த வந்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் வாசல்வரை போய்வரத் தோன்றியது. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பேங்க் அதிகாரி. கதவிடுக்கு வழியே அவருக்கு தைரியம் சொல்லப் போனவன், பனிப்பாளம் எப்படி உடையும் என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். நடுவில் அவர் மிகவும் பணிவாக, "உடையறத அப்புறம் பேசலாமே சார், முதல்ல இதைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார்.

வீட்டில் இப்போது நான் சொன்ன குறைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. குறை சொல்ல வாயெடுத்தால் சிபாரிசு வந்தது. வடக்குப் பார்த்து ஒருவழியாகப் போனால் கரை வலது பக்கம்தான் வரும், ஆகவே வலது பக்கத்து அறைதான் எடுக்க வேண்டும் என்றேன். இடுக்கான வளைகுடாவுக்குள் கப்பல் நுழைவது விடியற்காலையில். அப்போது மேல்தளத்தின் முன்பக்கம் போய் நின்றுவிட வேண்டும் என்றேன். கையுறை விரல் மூடியதாக இருக்கக் கூடாது, போட்டோ எடுக்க முடியாது என்றேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "வலது பக்கம்" என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மிச்சமிருந்தது என் வயிறு. ஆடாமல் கடலுக்குப் போக முடியாதே. ஆடிப் பழகுவது என்று முடிவு செய்தேன். காலையில் வேலைக்குப் போகும் வழியில் பூங்காவில் நுழைந்து ஊஞ்சலில் உட்காருவேன். முதல் நாள் இரண்டு ஆட்டத்திலேயே உலகம் சுற்றியது. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். காவலாளி குடித்திருக்கிறீர்களா என்று விசாரித்தார். எனக்குப் பின்னால் குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "அந்தத் தாத்தா இறங்கவே மாட்டேங்கறாரு" என்று புகார் செய்தாள். மானத்தை விட்டு ஆடினேன். மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடினேன். அப்புறம் போடாமல் ஆடினேன். ஒரு காலையில், கால்களை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, வானத்துக்கும் தரைக்குமாக ஆடிவிட்டு இறங்கினேன். தலை நின்ற இடத்தில் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று வேலைக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்குத் திரும்பினேன். அவள் தரையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"முடிவு பண்ணிட்டேன். ஒருவழியாப் போற கப்பல்தான். கோடை நடுவுல. வலது பக்கத்து அறை. இன்னைக்கே எடுத்துடலாம்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அதத்தானே எடுத்திருக்கேன். நீங்க வலது பக்கம்னு சொன்ன மறுநாளே எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா விசாரிக்கறத நிறுத்தியிருப்பீங்க. அந்தக் கையுறை விஷயமெல்லாம் அதுக்கப்புறந்தானே சொன்னீங்க."

நான் நெகிழ்ந்துபோனேன். பக்கத்தில் உட்கார்ந்து, நம் அறைக்கு ஜன்னல் பெரிதா என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நம்ம அறை இல்லங்க. எனக்கும் எங்க அக்காவுக்கும்."

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

"பஸ்ல பின்னாடி பாத்த சீட்லயே உங்களால உக்கார முடியாது. கல்யாணமான புதுசுலேர்ந்து நானும் பாத்துட்டுத்தானே இருக்கேன்? உங்களக் கப்பல்ல ஏத்தி நான் கடலப் பாக்கறதா, உங்களப் பாக்கறதா?"

"அப்ப எதுக்கு என்னை விசாரிக்கச் சொன்ன?"

"வர்ற ஆசை இருந்தா முதல்ல கண்ணுல பட்ட கப்பல்லயே ஏறலாம்னுவீங்க. வரக்கூடாதுன்னு இருந்ததாலதான் ஒவ்வொரு வழியிலயும் ஓட்டை தேடினீங்க. அக்கா சொன்னா, அவர விட்டா இவ்வளவு அலசறதுக்கு ஆள் கிடைக்காதுடின்னு."

இப்போது எனக்கு நிஜமாகவே ஆசை என்றேன். ஊஞ்சல் கதையைச் சொன்னேன். பூங்காக் காவலாளியைச் சாட்சிக்கு அழைக்கவும் தயாராக இருந்தேன். அவள் முழுதும் கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டாள். முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்றாள். அவ்வளவுதான். அக்காவை இறக்கிவிடும் பேச்சே எழவில்லை.

டிராவல்ஸ்காரரிடம் ஓடினேன். எனக்கு ஒரே ஒரு இடம், இடது பக்கமானாலும் சரி, ஜன்னலே இல்லாவிட்டாலும் சரி என்றேன். இந்தக் கோடைக்கு எதுவும் காலியில்லை சார் என்றார். வெகுநாள் கழித்து அன்று எனக்கு டீ வரவழைத்தார். இத்தனை நாள் வழி தேடியவன் அவர் முன்னால் வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எங்கள் வீட்டிலிருந்து கப்பலேறியது என் மனைவியும் அவள் அக்காவும் என் மானமும்.

போகிற அன்று பெட்டிகளை நான்தான் தூக்கினேன். டாக்ஸியில் ஏறும்போது அவள் கண் கலங்கியது உண்மை. விடியற்காலையில் மேல்தளத்துக்குப் போக மறந்துவிடாதே என்றேன். மாட்டேன் என்றாள். கதவைச் சாத்தப் போனவள், ஏதோ நினைவு வந்தாற்போல் கண்ணாடியை இறக்கினாள்.

"அக்கா ஒரே ஒரு நிபந்தனையிலதான் வர சம்மதிச்சா. தன் வீட்டுக்காரரத் தனியா விட்டுட்டு வரமாட்டேன்னா. நாங்க வர்ற வரைக்கும் நீங்க பாத்துப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

டாக்ஸி தெருமுனை திரும்புவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து சகலை பெட்டியோடு வந்து சேர்ந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார். அவர்கள் போகும் வழி தனக்கு யாரும் சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. புறப்படும் துறைமுகத்திலிருந்து ஆரம்பித்தேன். தீவுகள், வளைகுடா, வலது பக்கத்து மலைகள், கடைசியில் அந்த நீலப் பாளம், அது கழன்று விழும்போது எழும் சத்தம்வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். கண்கொட்டாமல் கேட்டார். நான் மூச்சு வாங்கிய இடத்தில் மெதுவாகக் கேட்டார்:

"அதெல்லாம் சரி சகலை. எனக்கு உப்பு கம்மியாப் போடணும்னு உங்ககிட்ட சொன்னாங்களா?"