சவரிராயன் கிணற்றின் இரண்டு மணி நேரம்

"இன்னும் மூணடி ஏறணும்" என்றார் சவரிராயன், கிணற்றுக்குள் அளவு நாடாவை விட்டபடி. கேட்க ஆளில்லை. கிணற்றிடம்தான் சொன்னார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை முத்தியால்பேட்டை வீட்டுக் கிணற்றின் தண்ணீரை மோட்டார் போட்டு இறக்கி, நிறுத்தி, பழைய மட்டத்துக்கு ஏற எவ்வளவு நேரமாகிறது என்று குறிப்பது அவர் வழக்கம். நிலத்தடி நீர் அலுவலகத்தில் முப்பது வருஷம் ஊரார் கிணறுகளை அளந்த கை; ஓய்வு பெற்றும் அடங்கவில்லை. பதினோரு வருஷமாக ஒரே விடை: இரண்டு மணி நேரம். இன்று ஐந்து மணி நேரமாகியும் ஏறவில்லை.

மனைவி ஆனந்தமேரி இறந்து இரண்டு மாதம். அதற்குப் பிறகு அளப்பது இதுதான் முதல் தடவை.

"புள்ளைங்க வர்ற வீடுப்பா. மூடிட்டு போர் போட்டுக்கலாம்" என்று மகன் லூர்துபிரகாஷ் நச்சரித்துக்கொண்டிருந்தான். அவள் ஆசைப்பட்டு வெட்டிய கிணறு. சவரிராயனுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்: "மூணு மணி நேரத்துல ஊறலன்னா மூடிக்கோ."

பக்கத்து வீட்டு வெரோனிகா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, சமையலுக்குத் தண்ணி இருக்கா?"

"இல்லம்மா. அளக்குறப்ப கிணத்துல எடுக்கக் கூடாது."

முதல் நாளே குடங்களில் பிடித்து வைப்பதெல்லாம் ஆனந்தமேரியின் வேலையாக இருந்தது.

"நா எதுக்குண்ணே இருக்கேன்?" வெரோனிகா உடனே தன் வீட்டு போர் மோட்டாரைப் போட்டு, சுவர் தாண்டிக் குழாயை நீட்டி, இரண்டு டிரம் நிரப்பிவிட்டாள்.

கணக்கில் சந்தேகம் வந்து மறுநாளும் அளந்தார். ஆறு மணி நேரம். வெரோனிகா மூன்று டிரம் கொடுத்தாள்.

அடியில் சேறு அடைத்திருக்கும் என்று ஆள் வைத்துத் தூர் வாரினார். வாரியவர்கள் குளிக்கவும் வாசல் கழுவவும் வெரோனிகா நாள் முழுக்க மனம் கோணாமல் தண்ணீர் கொடுத்தாள். அன்று கிணறு எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது.

நோட்டில் எட்டு என்று எழுதினார். ஆனந்தமேரியோடு ஊற்றும் போய்விட்டது என்று நினைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மகனுக்குப் போன் போட்டார்.

"வந்து மூடிக்கோப்பா."

மறுநாள் லாரி வந்து, இடித்த கட்டடத்துக் கல்லும் மண்ணுமாக முதல் லோடைக் கிணற்றுக்குள் கொட்டியது. சத்தம் கேட்டு வெரோனிகா ஓடி வந்தாள்.

"ஐயோ, நல்ல கிணறாச்சே! ஏண்ணே?"

"நீதான் பாத்தியே. உங்கக்கா போனதுலேர்ந்து ஊறவே மாட்டேங்குது."

வெரோனிகா சுவருக்கு அப்பால் தன் வீட்டு மோட்டாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்குன்னு நாங்க கேட்டதே இல்லண்ணே, நீங்க அளக்குற அன்னிக்கெல்லாம் அக்கா காலையிலயே நாலு வீட்டுக்கும் வந்து, 'அவரு முடிக்கிற வரைக்கும் யாரும் போர் மோட்டாரப் போடாதீங்கடி'ன்னு சொல்லிட்டுப் போவாங்க."