நெஞ்சுக்குள் வைப்பது எந்த ஊர்ச் சரக்கு?

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடி மாமனார் எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சௌக்கியம் என்று மகள் போனில் சொல்லிவிடுகிறாள். அதைக் கேட்டுத் தாளை வீணாக்கவில்லை. நான் சௌக்கியமில்லை. நேற்றுப் பேச்சின் பாதியில் "மீட்டிங் இருக்கு மாமா" என்று போனை வைத்துவிட்டீர்கள். ஆகையால் எழுத்தில் கேட்கிறேன், கூரியரில் வருகிறது.

போன வாரம் குளியலறையில் மயங்கி விழுந்தேன். நாடி நிமிடத்துக்கு முப்பத்தாறுதான் அடிக்கிறதாம். வியாழக்கிழமை நெஞ்சில் பேஸ்மேக்கர் வைக்காவிட்டால், அடுத்த முறை விழுந்தால் எழுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. ஆனால் உள்ளே போகும் சாமான் எங்கே செய்தது என்று தெரியாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். நர்ஸ் அலுத்துப்போய்ப் பெட்டியையே கொண்டுவந்து காட்டினாள். அதில் மூன்று விலாசம், மாப்பிள்ளை. ஒன்று கம்பெனி, ஒன்று இறக்குமதி செய்தவர், ஒன்று எதற்கென்றே தெரியவில்லை. ஒரு விலாசத்தின் பக்கத்தில் தொழிற்சாலைப் படம் இருந்தது. அப்பாடா என்று அந்த ஊரைக் குறித்துக்கொண்டேன். மருத்துவக் கருவிகளுக்கு லேபிள் எழுதும் உத்தியோகத்தில் இருக்கும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அந்தப் படம் இருந்தா அங்க ஃபேக்டரி இருக்குன்னு அர்த்தமில்ல மாமா. பொறுப்பு அவங்களோடதுன்னு அர்த்தம்." தொழிற்சாலை இல்லாத இடத்துக்குத் தொழிற்சாலைப் படம். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் இவ்வளவு பயம் என்று யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், மகளுக்குத் தெரியவேண்டாம். பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் பெயர்த் தகடு அடித்தவன் நான். தகட்டில் தலைமை அலுவலக விலாசம் பளபளக்கும். பம்பு செய்ததோ பின்புறத் தகரக் கொட்டகையில், மழை வந்தால் மோட்டார்மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு. கேட்டவர்களிடம் "தகட்டுல என்ன போட்டிருக்கோ அதாங்க ஊரு" என்று கூசாமல் சொன்ன வாய் இது. இப்போது முகம் தெரியாத எவனோ ஒருத்தன் எனக்குத் தகடு அடித்திருக்கிறான்.

"எங்க செஞ்சா என்ன பெரியவரே, துடிக்க வெச்சா சரிதானே" என்கிறார் டாக்டர்.

"பம்பும் ஓடத்தான் செஞ்சுது டாக்டர். மூணு மாசம்" என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் அத்தை வேறு, "என்னைக் கட்டிக்கிட்டப்ப இவ்வளவு விசாரிச்சீங்களா?" என்று நர்ஸ் முன்னால் கேட்டு மானத்தை வாங்கினாள். விசாரித்திருக்க வேண்டும் என்று பதில் சொல்லும் தைரியம் முப்பத்தாறு துடிப்பில் வராது.

ஆகவே எந்த ஊர், எந்தக் கட்டடம், கூரை ஒழுகுமா என்று விசாரித்துப் புதன்கிழமைக்குள் தெரிவிக்கவும். அதுவரை கையெழுத்துக் கிடையாது. 'செத்தாலும் கிடையாது' என்றுதான் முதலில் எழுதினேன்; அந்தச் சொல்லைப் பார்க்கவே நடுங்கியதால் அடித்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் உண்டு, பதிலைப் பார்த்த பிறகு.

இப்படிக்கு,
எதிலும் கையெழுத்திடாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதை உறையில் போட எழுந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேனாம். கண் விழித்தபோது நெஞ்சில் கட்டு. கையெழுத்தை உங்கள் அத்தை போட்டுவிட்டாள். நாடி அறுபது. விவரம் எல்லாம் இதிலே இருக்கிறது என்று நர்ஸ் ஒரு அட்டையை நீட்டினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை, விசாரித்து ஊர் தெரிந்துவிட்டால், தயவுசெய்து எனக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.