நாலு பொந்து வைத்த சமையலறை

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு ஐம்பத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது. கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தால், சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையும் ஊரில் உள்ள மற்றச் சமையலறைகளைப் போல இருந்திருக்கும். நானும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற ஆண்களைப் போலக் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் பொய்யை ஆரம்பித்தது நான் இல்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் பெண் பார்க்கப் போன இடத்தில் என் சித்தப்பா ஆரம்பித்தார். மலர்விழி வீட்டின் மூத்த மாப்பிள்ளை பிரான்ஸில் இருக்கிறவர். அந்தப் பேச்சு நாலு தரம் வந்ததும் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க பையனுக்கும் பிரெஞ்சு நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு கேசரியை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்தேன் என்பது உண்மைதான். (இரண்டு வருடமும் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு அது.) அதில் எனக்குத் தேறியது போன்ழூர், மெர்சி, அப்புறம் ஒன்றிலிருந்து மூன்று வரை எண்ணிக்கை. நாலு வருவதற்குள் எப்போதும் தூங்கிவிடுவேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

அன்றிலிருந்து நான் எங்கள் குடும்பத்தின் பிரெஞ்சு தெரிந்த ஆள். ஒரு தரம் கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்கார அம்மா என்னிடம் ஏதோ வழி கேட்டார். மலர் பக்கத்தில் பெருமையோடு நின்றிருந்தாள். நான் கடல் இருக்கிற பக்கம் கையைக் காட்டி, "மெர்சி" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் நடந்து போனார்.

சமையலறைக்கு வருகிறேன். எங்கள் பழைய சமையலறை ஒரு இருட்டு அறை. மழைக்காலத்தில் கூரைக் காரை உதிர்ந்து சாம்பாரில் விழும். இடித்துக் கட்டலாம் என்று ஒருவழியாக முடிவானதும், பட்டியல் நீளமாக வரப்போகிறது என்று பயந்துகொண்டேதான் மலரிடம் கேட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு வேற எதுவும் வேணாங்க. உள்ளயே ஒக்காந்து மீன் அரிய ஒரு இடம் வேணும்."

எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் மீன். இருபது வருடமாக அவள் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் துணிதுவைக்கும் கல்லுக்குப் போய், வெயிலானாலும் மழையானாலும் அங்கேதான் அரிந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் காக்கா, ஒரு பக்கம் பூனை. இரண்டையும் ஒரு கையால் விரட்டிக்கொண்டு இன்னொரு கையால் செதில் எடுப்பாள். நின்றுகொண்டு கத்தியால் வெட்டுவதெல்லாம் அவளுக்கு வராது. உட்கார வேண்டும், அரிவாள்மணை மேல் காலை வைத்து அழுத்த வேண்டும்.

நான் வரைபடத் தாள் வாங்கி வந்து உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வரைந்தேன். அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றும் இரண்டு எட்டில் கைக்கு வருகிற மாதிரி. மேடை மலரின் இடுப்புக்குச் சரியாக. ஜன்னலுக்குக் கீழே மேடை இல்லாமல் வெறும் தரை, தாழ்வாக ஒரு குழாய், தண்ணீர் ஓட ஒரு துவாரம். அதுதான் அவள் இடம். அத்தோடு பேனாவை மூடியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அப்போது பார்த்துச் சகலையிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. சகலை என்றால் மலரின் அக்கா கணவர், மேலே சொன்ன பிரான்ஸ் மாப்பிள்ளை. தங்கமான மனிதர். அவர் வீட்டுச் சமையலறையின் பிளானை அனுப்பி, "உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே சகலை, பாத்துக்குங்க" என்று எழுதியிருந்தார். மலர் எட்டிப் பார்த்தாள். "அக்கா சமையல்கட்டு மாதிரியே வருமா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"போன்லயே காட்டினா அதுவே தமிழ்ல சொல்லிடும்ப்பா" என்றாள் கல்லூரியில் படிக்கிற என் மகள்.

"போன் சொல்றத நம்பி வீடு கட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

முதல் வரி 'ஃப்ரீகோ'. ஃப்ரிட்ஜ் படம் பக்கத்தில் இருந்தது, புரிந்துவிட்டது. அடுத்தது 'தாப்ள்'. எழுத்தைப் பார்த்தால் அப்படியே இங்கிலீஷ் டேபிள். அடடா, இவ்வளவுதானா பிரெஞ்சு என்று தெம்பு வந்துவிட்டது. மூன்றாவது வரியில் இங்கிலீஷில் நாலுக்கு எழுதுகிற அதே எழுத்துகள், 'ஃபோர்'. பக்கத்தில் அறுபதுக்கு அறுபது சென்டிமீட்டர் என்று ஒரு சதுரம். மேடைக்கு அடியில் அறுபதுக்கு அறுபதில் நாலு அறை. வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? சதுரம் ஒன்றுதானே வரைந்திருக்கிறது என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. இடம் போதாமல் மற்ற மூன்றை வரையாமல் விட்டிருப்பார் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

அடுப்பு மேடைக்கு அடியில் இரண்டுதான் அடங்கியது. மீதி இரண்டுக்கு இடம் வேண்டுமே. ஜன்னலுக்குக் கீழே மேடையை நீட்டினேன்.

மலர் தாளைப் பார்த்ததும் கேட்டாள். "என் எடம் எங்கங்க?"

"பிரெஞ்சுக்காரன் காரணம் இல்லாம போடமாட்டான் மலர். உங்க அக்கா என்ன தரையில ஒக்காந்தா அரியறாங்க? மேடையிலயே வெச்சி வெட்டிக்கலாம். பழகிடும்."

அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "படிச்சவரு சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வேலைக்கு வந்தவர் தவளக்குப்பம் கொத்தனார் ஏழுமலை. மூன்று வாரம் என்றார், மூன்று மாதம் ஆனது. ஒரு வாரம் அவர் மச்சான் கல்யாணம். ஒரு வாரம் மணல் வரவில்லை. மணல் வந்த வாரம் அவருக்குக் காய்ச்சல். அத்தனை நாளும் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் அடுப்பை வைத்துச் சமைத்தோம். சோபாவில் கடுகு, புத்தக அலமாரியில் சிமென்ட் தூசி, மோரிலும் சிமென்ட் தூசி. இரவு படுத்தால் முதுகு வலித்தது. (நான் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்ததற்கே அந்த வலி.) எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே குறைத்துக்கொண்டோம்.

ஏழுமலை மட்டும் விடவில்லை. "சார், மேடைக்கு அடியில நாலு பொந்து எதுக்கு சார்? கதவும் வாணான்றீங்க, தட்டும் வாணான்றீங்க. கோழி வளக்கப் போறீங்களா?"

"அது பிரெஞ்சு மாடல்."

"நானும் ஒயிட் டவுன்ல பத்து பிரெஞ்சு வீட்டுல வேல பாத்துருக்கேன் சார். இந்த மாதிரி பாத்ததில்ல."

"புது மாடல்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சுவர் எழுப்பினார். அதன் மேல் ஒரே பாளமாகக் கறுப்பு கிரானைட்டும் ஏறியது.

வேலை முடிந்த வாரமே சகலையும் மலரின் அக்காவும் ஊருக்கு வந்தார்கள். மலர் புது அடுப்பில் பால் காய்ச்சினாள். அக்காவுக்குப் பிடிக்குமென்று வாங்கிய சங்கரா மீன் மேடை மேல் காத்திருந்தது. சகலை உள்ளே நுழைந்து நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், குனிந்து பார்த்து நின்றுவிட்டார்.

"இது என்னா சகலை, நாலு ஓட்டை?"

"உங்க பிளான்ல இருந்ததுதான். ஃபோர்னு போட்டிருந்தீங்களே."

சகலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேடையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சகலை, அது ஃபோர் இல்ல. ஃபூர்! ஃபூர்னா ஓவன். கேக் சுடற பெட்டி. ஒரு ஓவன் வெக்க ஒரு எடம், அவ்ளோதான்!"

மகள் சிரித்தாள். அக்கா சிரித்தார். சகலைக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. மலர் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

"நாலு ஓவன் வெக்க எடம் இருக்கு. வீட்ல ஒரு ஓவன்கூட இல்ல. மீன் அரிய எடம் இல்ல."

கத்தவில்லை. ரேஷன் கடையில் என்ன வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அப்புறம் மீன் பாத்திரத்தையும் அரிவாள்மணையையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணிதுவைக்கும் கல்லுக்குப் போனாள். காக்கா வந்து சேர்ந்தது. நான் புதுச் சமையலறையில் நின்று ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

ஏழுமலைக்குப் போன் போட்டேன். "ஜன்னல் பக்கம் மட்டும் இடிக்க முடியுமா?"

"இடிக்கலாம் சார். மேல இருக்கற கிரானைட்டு நாலா போயிடும், பரவால்லியா?" என்றார். நாலு என்ற எண்ணை அவரும் விடுவதாக இல்லை.

இடிக்கவில்லை. பொந்துகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் அரிசி டிரம். ஒன்றில் வெங்காயம். மூன்றாவதில், பிளாஸ்டிக் கவர்கள் அடைத்த ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர். நாலாவது காலியாகக் கிடக்கிறது. யாராவது எதையாவது அதில் வைக்கப் போனால், "அது ஓவனோட எடம்" என்று மலர் தடுத்துவிடுவாள்.

அரிவாள்மணை என் கைக்கு வந்துவிட்டது. "எடத்த எடுத்தவருதான் அரியணும்" என்று அடுத்த ஞாயிறே தீர்ப்பாகிவிட்டது. ஒரு வருடமாகத் துணிதுவைக்கும் கல் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் செதில் எடுக்கிறேன். காக்கா என்னை மதிப்பதே இல்லை. மீன்கார அம்மா பின்கேட் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னா சார், இன்னும் கையி வளையலியே" என்று கேட்டுவிட்டுப் போகிறார். வீட்டில் எத்தனை இட்லி என்று கேட்டாலும் எத்தனை டிக்கெட் என்று கேட்டாலும் மகள் "ஃபூர்" என்றுதான் பதில் சொல்கிறாள். பிரான்ஸிலிருந்து சகலை போன் செய்தால் வணக்கத்துக்குப் பதில் அதுதான்.

போன ஞாயிறும் அப்படித்தான். ஒரு பெரிய சங்கராவைக் கையில் பிடித்துக்கொண்டு, எத்தனை துண்டு போடுவது என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். மலர் ஜன்னலுக்கு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கீழே இரண்டு பொந்து, மேலே கிரானைட், அதற்கு மேலே அவள் முகம்.

"நாலா போடுங்க" என்றாள். திரும்பிப் போனவள் மறுபடி வந்து எட்டிப் பார்த்தாள். "தமிழ் நாலு."