நாற்காலி நாயுடுவின் புகார்ப் புத்தகம்

மயிலாப்பூரில் பெரிய பெரிய வக்கீல்கள் இருந்தார்கள், ஜட்ஜுகள் இருந்தார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்தவருக்கு வேர்க்க வைப்பதில் நாற்காலி நாயுடுவுக்கு ஈடு ஒருத்தர் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், நானே வேர்த்தவள்.

நாற்பதுகளில், யுத்தம் முடிந்த கையோடு, லஸ் பக்கம் ஒரு குழந்தைகள் சகாய சங்கத்தில் எனக்கு வேலை. தெருவில் அநாதையாகத் திரியும் குழந்தைகளைக் கண்டுபிடித்து விடுதியில் சேர்க்க வேண்டும். எங்கள் மேல் யாருக்காவது குறை இருந்தால் எழுதிக்கொள்ள வேண்டியவர் நாயுடு. அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று அவர் வீட்டிலாவது தெரியுமோ என்னவோ!

அவர் அறையில் ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள் எதிரும் புதிருமாகக் கிடக்கும். ஒன்று புகார் சொல்ல வந்தவருக்கு, மற்றது புகாருக்கு ஆளானவருக்கு. நாயுடு நின்றுகொண்டே எழுதுவார். வந்தவர் கூச்சப்பட்டுத் தரையில் குந்தினால், எதிர் நாற்காலியைக் காட்டி, "அப்ப அந்தம்மாவும் கீழே குந்தட்டும்" என்பார். பட்டுப்புடவை கட்டிய எங்கள் காரியதரிசி அம்மாள் ஒருநாள் அப்படி சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் தவிக்க, இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினோம்.

எழுதுவதும் அப்படித்தான். ஜனங்கள் வாயில் வந்ததை அட்சரம் பிசகாமல் எழுதி, கமிட்டிக் கூட்டத்தில் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார். "'உன் கண்ணுல கொள்ளிய வெக்க' அப்படின்னு அந்தம்மா சொல்லுது" என்பார்.

காரியதரிசி காதைப் பொத்திக்கொள்வாள். "நாயுடு, கொஞ்சம் நாகரிகமா எழுதப்படாதோ?"

"திட்டினது அவங்க. நான் திருத்தினா அது என் புகார் ஆயிடும்மா."

விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன், என் முறை வரும்வரை.

ஒரு மத்தியானம் நொச்சிக்குப்பம் ரோட்டோரம் ஆறு வயசுப் பெண் ஒன்று தன்னந்தனியாக வெயிலில் உட்கார்ந்து, காயப்போட்ட கருவாட்டுக்குக் காவலாகக் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தது. "அம்மா எங்கேடி?" என்றேன்.

"மாட வீதிக்கு மீன் விக்கப் போயிக்கீது. வந்துடும்."

காதில் விழத்தான் விழுந்தது. ஆனால் அந்த மாதம் நான் ஒரு குழந்தையைக்கூடச் சேர்த்திருக்கவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போய் விடுதியில் விட்டேன். 'கேட்பாரற்ற குழந்தை' என்று ரிப்போர்ட்டும் எழுதினேன்.

மறுநாள் அதன் தாயார் கன்னியம்மா மீன் கூடையும் கையுமாக வந்து, நாற்காலியில் தயங்காமல் உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோ நைனா. எம் பொண்ணு குப்பு காக்கா ஓட்டிக்கினு இருந்திச்சு. இந்தம்மா இஸ்துகினு பூட்ச்சு. நான் வந்து பாத்தா கருவாட்டைக் காக்கா தின்னுது, புள்ளையக் காணோம். நான் இன்னா செத்தா பூட்டேன்?"

நாயுடு எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினார். "குழந்தைகிட்ட அம்மா எங்கேன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணுமே?"

"ஊஹூம்."

அதையும் அப்படியே எழுதினார். படித்தவளான என் பேச்சைக் கமிட்டி நம்பியது. தாய் இருந்தும் கவனிப்பில்லாத குழந்தை, குப்பு விடுதியிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

முடிவைத் தபாலில் அனுப்புவது நாயுடுவுக்குப் பிடிக்காது, நேரில் போய்த்தான் சொல்வார். திரும்பி வந்தவர் என்னிடம், "அந்தம்மா அழலை. தலையைத் தடவினாத்தான் புள்ள தூங்கும், அதை மட்டும் அங்க சொல்லிடு நைனான்னுச்சு" என்றார்.

பாவி நான், அதற்குப் பிறகும் பத்தொன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. இருபதாம் நாள் தாங்கவில்லை. நாயுடுவின் அறைக்குப் போய், "ஒரு புகார் எழுதணும்" என்றேன்.

"யார் மேல?"

"என் மேலதான்."

மனுஷர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "உக்காருங்க." குழந்தை சொன்னதையும் நான் மறைத்ததையும் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, "இப்ப அந்த நாற்காலிக்குப் போங்க. பதில் எழுதணுமில்ல?" என்றார். எழுந்து போய் எதிரே உட்கார்ந்தேன்.

"இதுக்கு இன்னா சொல்றீங்க?"

"சொல்ல ஒண்ணும் இல்லை."

'சொல்ல ஒண்ணும் இல்லையாம்' என்று எழுதிக்கொண்டார். கமிட்டியில் வழக்கமான ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். அன்று யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. குப்புவை அனுப்பச் சொன்னார்கள், என்னையும் வேலையிலிருந்து அனுப்பினார்கள்.

நாயுடுவும் நானும்தான் குழந்தையைக் கொண்டுபோய் விட்டோம். வழி முழுக்க அது என்னைப் பார்க்காமல் நாயுடுவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தது. கன்னியம்மா மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மணலில் திரும்பி நடக்கும்போது நாயுடு சொன்னார்: "சங்கத்துக்குப் போனதும் இன்னொரு புகார் எழுதணும்மா. இத்தனை நாள்ல அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு நான் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு வந்திருக்கும். அது என் மேல."

தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது. அதில் பாதியை, நான் கேட்காமலே, தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அந்த மனுஷர் என் பக்கத்தில் நடந்து வந்தார்.