முசேயிடம் காட்டப்போன ஓட்டு

என் முதல் ஓட்டை நான் போடவில்லை. காட்டினேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. வரிச்சிக்குடியில் ஒரு முசே வீட்டுத் தோட்டத்தில் வேலை. தமிழர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை. (அதனால் ஊருக்கே முசே, பிரெஞ்சில் 'ஐயா'.) வேலி கட்டினாலும் வாழைத்தார் வெட்டினாலும் அவரிடம் காட்டுவேன். "ம், சரி" என்பார். அப்போதுதான் எனக்கு வேலை முடியும்.

தேர்தலன்று என்னையும் என் மனைவியையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனவரும் அவர்தான். வெளியே வாசலில் நின்றுகொண்டார்.

மறைப்புக்குள் போய் முத்திரை குத்தினேன். பிசகாமல் விழுந்தது. எனக்கே பெருமை. பெட்டியில் போடவில்லை. தாளை விரித்துப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தேன்.

"முசே, சரியா குத்தியிருக்கேனா, பாருங்க."

முசே சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "மூடுடா! நான் பாக்கக் கூடாது!"

போலீஸ்காரர் ஓடி வந்தார். அவரும் தாளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் கையிலிருந்த ஒரு காகிதத்தைப் பார்க்க இத்தனை பேருக்குப் பயம்.

அதிகாரி தாளை வாங்கி, ரத்து என்று எழுதினார்.

"வேற ஒண்ணு குடுங்க சார், போட்டுடறேன்."

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதாம்பா. அடுத்த தேர்தலுக்கு வா."

(அழவில்லை. கண்ணில் தூசி.)

வெளியே வந்தேன். முசே சொன்னார்: "இந்த ஊர்ல எனக்கு ஓட்டு கிடையாது. உனக்கு உண்டு. அதைப் போயி எங்கிட்ட சரிபாக்கக் கொண்டாந்தியே."

அதற்குமுன் அவரிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருக்கும் பொருள் எதையும் நான் கண்டதில்லை. அன்று ஒன்று இருந்தது. அதையும் தொலைத்துவிட்டு நின்றேன்.

வீடு திரும்பும் வழியில் மனைவியிடம் கேட்டேன். "நீயாச்சும் ஒழுங்கா போட்டியா? எதுல குத்துன?"

"சொன்னா என்னுதையும் ரத்துன்னு எழுதிடுவாங்க. பேசாம வாங்க."

எத்தனையோ தேர்தல் வந்து போய்விட்டது. பிள்ளைகளும் ஓட்டுப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். "ரத்தாயிடும்பா" என்று அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வீட்டில் நாலு ஓட்டு. மூன்று யாருக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தெரியாமலே இருக்கட்டும்.